நானூறு மீட்டரின் கணக்கு

நுழையும்முன்

நூறு மீட்டர் ஓட்டத்தில் ஆற்றல் முழுவதையும் அள்ளி இறைக்கலாம். மராத்தானில் அவ்வாறு தொடங்குபவர் பாதி வழியிலேயே நின்றுவிடுவார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது 400 மீட்டர் ஓட்டம். அதில் எவ்வளவு விரைந்து தொடங்குவது, எவ்வளவு மிச்சம் வைப்பது என்பது எளிதில் விடை காண இயலாத வினா. அவ்வினாவைத் தம் கால்களால் எதிர்கொண்ட ஒருவரின் வாழ்க்கை இப்பாடத்தில் கூறப்படுகிறது.

புதுக்கோட்டை மாவட்டம் ஓட்டத்தில் சிறந்தோரை ஈன்ற மண். கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்திரராஜன் 2006இல் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் தொலைவை இரண்டாவதாக ஓடி முடித்தார். இம்மாவட்டத்தின் சூர்யா லோகநாதன் 2016ஆம் ஆண்டுத் தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 5000 மீட்டர், 10000 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். இத்தகையோரைத் தந்த மாவட்டத்தின் பள்ளித் திடல்களில் ஆண்டுதோறும் விளையாட்டு விழாக்கள் நடைபெறுகின்றன. செம்மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் வட்டம். அதனை இருமுறை சுற்றினால் 400.

விசில் ஒலித்ததும் ஒரு மாணவன் வில்லினின்று விடுபட்ட அம்பாய்ப் பாய்கிறான். முதற்சுற்று முடியும்போது பிறரைப் பத்து மீட்டருக்கு மேல் முந்திவிடுகிறான். இரண்டாம் சுற்றின் நடுவே அவன் கால்கள் கல்லாய்க் கனக்கின்றன, தோள்கள் இறுகுகின்றன, பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராய்க் கடந்து செல்கின்றனர். இன்னொருவனோ கடைசியில் பாய்ந்துகொள்ளலாம் என்று வலிமையைச் சேமித்து ஓடுகிறான். எல்லைக்கோட்டைத் தாண்டிய பின்னும் அவனுக்கு மூச்சு இரைக்கவில்லை. ஆனால் கிடைத்தது நான்காமிடம். முன்னவன் கையிருப்பை மீறிச் செலவிட்டான். பின்னவன் செலவிட வேண்டியதைச் செலவிடாமலேயே வீடு திரும்பினான். இருவரும் கணக்கில் தவறியவர்களே.

இதே கணக்கு, நூறாண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்து நாட்டு இளைஞர் ஒருவர் முன்னும் வந்து நின்றது. அவர் எரிக் லிடெல்.

லிடெல் 1902ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் சீனாவின் தியான்ஜின் நகரில் பிறந்தார். பெற்றோர் அங்குச் சமயப் பணியாற்றிய ஸ்காட்லாந்து நாட்டவர். லிடெல் ஆறாம் அகவையில் தம் அண்ணன் ராபர்ட்டுடன் இலண்டனில் உள்ள விடுதிப் பள்ளியொன்றில் சேர்க்கப்பட்டார். பெற்றோர் கடல் கடந்து பணிக்குத் திரும்பினர். அதன்பின் அவர்களைக் காண்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாய்க்கும் பேறாயிற்று. பள்ளி நாள்களில் அண்ணனும் தம்பியும் ஓட்டத்தில் ஒருவரையொருவர் முந்தி வளர்ந்தனர்.

1920இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயிலச் சேர்ந்த லிடெல், ரக்பி விளையாட்டில் ஸ்காட்லாந்து அணிக்காக ஏழு முறை களமிறங்கினார். எனினும் அவர் பெயரை நாடறியச் செய்தது விரைவோட்டமே. 1923இல் இலண்டனில் நடந்த தேசியத் தடகளப் போட்டியில் 100 கஜத் தொலைவை 9.7 நொடியில் ஓடினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டனில் எவரும் அந்நேரத்தைத் தொடவில்லை.

அவர் ஓடும் பாங்கு காண்போருக்கு நகைப்பூட்டியது. தலை பின்னுக்குச் சாய்ந்திருக்கும், வாய் திறந்திருக்கும், கைகள் காற்றைத் துழாவும். ஓட்ட இலக்கணம் அறிந்தோர் அதனைக் குறையென்றே கருதினர். அவருக்குப் பயிற்சியளித்தவர் டாம் மெக்கெர்ச்சர். ஓட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றுதல், தசைகளைப் பிடித்துவிட்டுப் பதப்படுத்துதல், எல்லைக்கோட்டைத் தொட்டதும் சட்டென நின்றுவிடாமல் மெல்ல ஓடி ஓய்தல் என அடிப்படைகளில் அவர் கருத்தைச் செலுத்தினார். இன்று பள்ளி உடற்கல்வி வகுப்பிலேயே கற்பிக்கப்படும் இச்செய்திகள் அன்று பல வீரர்கள் அறியாதவை.

1923 சூலையில் ஸ்டோக் நகரில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து அணிகள் மோதிய 440 கஜ ஓட்டம் நடந்தது. தொடங்கிய சிறிது நேரத்தில் மற்றொரு வீரர் இடித்ததில் லிடெல் பாதைக்கு வெளியே புல்தரையில் விழுந்தார். எழுந்தபோது மற்றவர்கள் ஏறத்தாழ 20 கஜம் முன்னே சென்றிருந்தனர். அவர் ஓட்டத்தைக் கைவிடவில்லை. எஞ்சிய தொலைவில் ஒவ்வொருவராய்க் கடந்து முதலாவதாக வந்து, எல்லைக்கோட்டருகே சரிந்து விழுந்தார். அவரது நேரம் 51.2 நொடி. அன்று அதனை மன உறுதிக்குச் சான்றாக மட்டுமே பலரும் கண்டனர். ஆனால் அதில் வேறொரு செய்தியும் புதைந்திருந்தது. நூறு கஜ வீரர் என்று பெயர்பெற்ற அவருக்கு, நெடுநேரம் விரைவு குறையாமல் ஓடும் திறனும் இருந்தது.

அத்திறன் தேவைப்படும் காலம் விரைவிலேயே வந்தது. 1924 சூலையில் பாரிசு ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவிருந்தன. நூறு மீட்டர் ஓட்டத்தில் பிரிட்டனின் பெருநம்பிக்கை லிடெல்தாம். போட்டி அட்டவணை வெளியானபோது அந்த ஓட்டத்தின் தகுதிச்சுற்று சூலை 6ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையில் அமைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கும் ஓய்வுக்கும் உரியது என்பது லிடெலின் நம்பிக்கை. எனவே அந்த ஓட்டத்தில் பங்கேற்பதில்லை என்று முடிவு செய்தார். தொடரோட்டங்கள் இரண்டிலிருந்தும் அதே காரணத்தால் விலகினார். நாட்டுப்பற்று அற்றவர் என்னும் பழிச்சொல்லும் எழுந்தது. அவர் எவரையும் குறைகூறவில்லை. பிறர் ஓடுவதைத் தடுக்கவும் இல்லை. தமக்கென ஒரு நெறி. அதற்கான விலையைத் தாமே கொடுத்தார்.

1981இல் வெளிவந்து ஆஸ்கர் விருது பெற்ற திரைப்படம் ஒன்று, பாரிசுக்குக் கப்பலேறும் வேளையில்தான் லிடெல் இச்செய்தியை அறிந்ததாகக் காட்டுகிறது. திரைக்கதைக்கு அது சுவை கூட்டலாம், உண்மை அதுவன்று. பல மாதங்களுக்கு முன்பே அவர் அறிந்திருந்தார். இவ்வேறுபாடு இங்கு இன்றியமையாதது. ஏனெனில், அந்த மாதங்களில்தான் அவர் நூறு மீட்டர் வீரர் என்னும் நிலையிலிருந்து நானூறு மீட்டர் வீரராக மாற முயன்றார். பாரிசில் நிகழ்ந்தது திடீரென வாய்த்த அருஞ்செயல் அன்று; நீண்ட உழைப்பின் விளைவு.

இம்மாற்றம் ஏன் கடினமானது? தசைகளில் உடனடிப் பயன்பாட்டுக்கென இருக்கும் ஆற்றல் சில நொடிகளிலேயே தீர்ந்துவிடும். அதன்பின் தசைகள் தம்மிடமுள்ள கிளைக்கோஜன் என்னும் சேமிப்பைப் போதிய ஆக்சிசன் இன்றியே சிதைத்து ஆற்றல் பெறுகின்றன. இவ்வழி விரைவானது, ஆனால் அதற்குரிய கடனும் உடனுக்குடன் ஏறுகிறது. தசைகளில் அமிலத்தன்மை கூடிக்கொண்டே போகிறது; சுருங்கி விரியும் திறன் குறைகிறது. முழு முயற்சியுடன் ஓடுபவருக்கு முப்பது நொடிகளைத் தாண்டியதும் இத்துன்பம் தெளிவாகத் தெரியத் தொடங்கும். நூறு மீட்டர் ஓடுபவர் கடன்காரர் கதவைத் தட்டுமுன்பே ஓட்டத்தை முடித்துவிடுகிறார். நானூறு மீட்டர் ஓடுபவருக்கு அந்த வாய்ப்பில்லை. தசைகளின் இவ்வகைச் செயல்பாட்டை ஆராய்ந்த ஏ.வி. ஹில், ஓட்டோ மேயர்ஹோஃப் ஆகிய அறிஞர்களுக்கு 1922ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. லிடெல் ஓடிய காலமும் ஓட்டத்தின் அறிவியல் உருப்பெற்ற காலமும் ஒன்றே என்பது எண்ணத்தக்கது.

அன்றைய வீரர்களில் பலர் நானூறு மீட்டரை முழுமையான விரைவோட்டமாகக் கருதவில்லை. தொடக்கத்தில் விரைந்து, நடுவில் சற்றே தளர்ந்து, கடைசி நூறு மீட்டருக்கென வலிமையைச் சேமித்து ஓடுவதே அறிவுடைமை என்று எண்ணப்பட்டது. லிடெலிடம் விரைவு மிகுதி. அத்தொலைவில் பட்டறிவு குறைவு. 1924 ஏப்ரலில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குச் சென்று ஓடியபோது அவருக்கு வெற்றி கிட்டவில்லை. சூனில் நடந்த தேசியப் போட்டியில் 440 கஜ ஓட்டத்தை 49.6 நொடியில் வென்றார். 440 கஜம் என்பது 402 மீட்டருக்குச் சற்று மிகுதி. அக்கூடுதல் தொலைவுக்காக மூன்றில் ஒரு நொடியைக் கழித்தாலும், ஒலிம்பிக் தங்கத்தைக் கனவு காணப் போதுமான நேரமாக அது எவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறன்று நூறு மீட்டர் தகுதிச்சுற்று நடந்தபோது லிடெல் பாரிசில் உள்ள ஸ்காட்லாந்துத் தேவாலயத்தில் உரையாற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் அந்த ஓட்டத்தில் அவருடைய அணித்தோழர் ஹரால்டு ஆபிரகாம்ஸ் 10.6 நொடியில் தங்கம் வென்றார். சூலை 9ஆம் நாள் நடந்த 200 மீட்டர் இறுதிப்போட்டியில் அமெரிக்காவின் ஷோல்ஸ், பேடாக் ஆகியோருக்கு அடுத்து லிடெல் மூன்றாமிடம் பெற்றார். அவரது நேரம் 21.9 நொடி. இந்த எண்ணை மாணவர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும், மீண்டும் தேவைப்படும்.

நானூறு மீட்டர்ப் போட்டி சூலை 10, 11 ஆகிய நாள்களில் நான்கு சுற்றுகளாக நடந்தது. நாளுக்கு இரண்டு ஓட்டங்கள். ஆற்றலைப் பங்கிடும் கணக்கு, ஓர் ஓட்டத்துக்குள் மட்டுமன்றி நான்கு ஓட்டங்களுக்கும் சேர்த்துப் போட வேண்டியதாயிற்று. முதற்சுற்றில் லிடெலின் நேரம் 50.2 நொடி, இரண்டாம் சுற்றில் 49.3, அரையிறுதியில் 48.2. அடுத்த சுற்றுக்குச் செல்வதற்கு வேண்டிய அளவே அவர் ஓடினார் என்பது இவ்வெண்களால் புலனாகும். இதற்கிடையே சுவிட்சர்லாந்தின் இம்பாக் 48.0 நொடியிலும், அமெரிக்காவின் ஹொரேஷியோ ஃபிட்ச் அரையிறுதியில் 47.8 நொடியிலும் ஓடி வியப்பூட்டினர். அனைவர் பார்வையும் ஃபிட்ச் மீதே இருந்தது. லிடெல் அடிப்படையில் குறுவிரைவு வீரர், இறுதி ஐம்பது கஜத்தில் துவண்டுவிடுவார், அவரைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று அமெரிக்கப் பயிற்றுநர் தமக்குச் சொல்லியிருந்ததைப் பல்லாண்டுகளுக்குப் பின் ஃபிட்ச் நினைவுகூர்ந்தார்.

தெரியுமா?

வளைவில் வெளித்தடம் உள்தடத்தைவிட நீளமானது. அனைவரும் ஒரே தொலைவு ஓடுவதற்காக, வெளித்தடங்களின் தொடக்கக் கோடுகள் படிப்படியாக முன்தள்ளி வரையப்படுகின்றன. இன்றைய 400 மீட்டர் ஓடுகளத்தில் ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். ஒரு முழு வட்டத்துக்கு இரண்டு பை ஆரம் என்னும் வாய்பாட்டின்படி, அடுத்தடுத்த தடங்களுக்கிடையே ஏறத்தாழ 7.67 மீட்டர் வேறுபாடு வரும். 1924இல் பாரிசில் பயன்பட்ட கொலோம்ப் அரங்கின் சுற்றளவு 500 மீட்டர். எனவே 400 மீட்டர் ஓடியவர்கள் ஒரு முழுச்சுற்றுக்கூட ஓடவில்லை.

இறுதிப்போட்டியில் லிடெலுக்குக் கடைசி வெளித்தடம் வாய்த்தது. அதனைக் கெடுவாய்ப்பு என்றே வீரர்கள் கருதுவர். வெளித்தடத்தில் நிற்பவர் எல்லோருக்கும் முன்னே நிற்கிறார். ஓடும்போது எவரையும் காண்பதில்லை. பிறர் நெருங்குகின்றனரா, பின்தங்குகின்றனரா என்று அறிய வழியில்லை. தம் விரைவைத் தாமே உள்ளுக்குள் அளந்துகொள்ள வேண்டும். பிறரைப் பார்த்து விரைவைக் கூட்டிக் குறைக்கும் பழக்கமுடையவருக்கு அது கண்ணைக் கட்டிவிட்டது போலாகும்.

தொடக்கக் கட்டைகள் புழக்கத்துக்கு வராத காலம் அது. வீரர்கள் சிறு கரண்டியால் தரையைத் தோண்டிப் பாதம் ஊன்றக் குழி அமைத்துக்கொண்டனர். லிடெல் வழக்கம்போல் உடன் ஓடுவோர் அனைவருடனும் கைகுலுக்கினார். துப்பாக்கி வெடித்தது.

முதல் 200 மீட்டரை லிடெல் 22.2 நொடியில் கடந்ததாக நேரம் அளந்தோர் குறித்தனர். இரண்டு நாள்களுக்கு முன் வெண்கலம் வென்ற 200 மீட்டர் ஓட்டத்தில் அவர் எடுத்துக்கொண்ட நேரத்தைவிட இது 0.3 நொடி மட்டுமே அதிகம். இன்னும் 200 மீட்டர் எஞ்சியிருக்க, ஏறத்தாழ முழு விரைவையும் அவர் செலவிட்டிருந்தார். இவர் துவளப் போகிறார் என்று எண்ணியோரின் எண்ணத்துக்கு அடிப்படை இருந்தது. வளைவைக் கடந்து நேர்பாதைக்கு வந்தபோது ஃபிட்ச் சற்று நெருங்கினார். லிடெலின் தலை பின்னே சாய்ந்தது, கைகள் துழாவின, இடைவெளி மீண்டும் கூடியது. பின்னால் இம்பாக் இடறி விழுந்தார். அமெரிக்காவின் டெய்லரும் தடுமாறி விழுந்தார். லிடெல் 47.6 நொடியில் எல்லைக்கோட்டைத் தொட்டார். ஃபிட்ச் 48.4 நொடியில் வெள்ளியும், பிரிட்டனின் கை பட்லர் 48.6 நொடியில் வெண்கலமும் பெற்றனர். லிடெலின் நேரம் புதிய ஒலிம்பிக் சாதனை. 1932இல் அமெரிக்காவின் பில் கார் அதனினும் விரைந்து ஓடும்வரை அது நிலைத்தது.

முதற்பாதியை முழு விரைவில் ஓடியதாகவும், இரண்டாம் பாதியில் இறையருளால் அதனினும் விரைந்ததாகவும் லிடெல் தம் வெற்றியை விளக்கினார் என்பர். கடிகாரம் சொல்வது வேறு. 47.6இல் 22.2 போக மீதி 25.4. இரண்டாம் பாதி, முதற்பாதியைவிட 3.2 நொடி மெதுவானது. இதனால் அவர் கூற்று பொய்யாகிவிடாது. முயற்சி கூடிக்கொண்டே போனது. விரைவு குறைந்துகொண்டே வந்தது. நானூறு மீட்டர் ஓடிய எவரும் இதனை அறிவர். கடைசி நூறு மீட்டரில் ஒருவர் பாய்ந்து முன்னேறுவதாக நாம் காண்பதும் பெரும்பாலும் கண்மயக்கமே. அவர் விரைவு கூடவில்லை; மற்றவர்களைவிடக் குறைவாகக் குறைந்தது, அவ்வளவே.

ஆகவே இத்தொலைவில் சரியான விரைவு என்பது சீரான விரைவு அன்று. 47.6 நொடியை இரு சமபாதிகளாகப் பிரித்தால் 23.8 வரும். லிடெல் முதற்பாதியை 23.8 நொடியில் ஓடியிருந்தால் இரண்டாம் பாதியையும் அதே நேரத்தில் ஓடியாக வேண்டும். அமிலம் ஏறிய கால்களுக்கு அது மிக அரிது. தொடக்கத்தில் விட்டுக்கொடுத்த நொடிகள் முழுமையாகத் திரும்புவதில்லை. அதே வேளையில் லிடெலின் பங்கீடும் குறையற்றதன்று. ஒருவரின் சிறந்த 200 மீட்டர் நேரத்தைவிட ஏறத்தாழ ஒரு நொடி மெதுவாக முதற்பாதியைக் கடப்பதே தக்கது என்றும், இரு பாதிகளுக்கும் இடையே ஒன்று முதல் இரண்டு நொடி வேறுபாடு இருக்கலாம் என்றும் இன்றைய பயிற்றுநர்கள் கூறுவர். அந்த அளவுகோலின்படி லிடெல் சற்று மிகையாகவே விரைந்தார். இன்னும் அரை நொடி பொறுத்துத் தொடங்கியிருந்தால் 47.6இனும் குறைந்திருக்கக்கூடும். தேர்ந்த கணக்கன்று, துணிந்த கணக்கு. ஆனால் முழுத் தொலைவையும் விரைவோட்டமாகவே ஓட இயலும் என்று அவர் காட்டியது பின்வந்தோர் எண்ணத்தை மாற்றியது.

2016இல் ரியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவின் வேட் வான் நீகெர்க் 43.03 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அவரும் கடைசி வெளித்தடமான எட்டாம் தடத்தில் எவரையும் காணாமல் ஓடியவர், முதற்பாதியை 20.5 நொடி அளவில் கடந்து, ஏறத்தாழ இரண்டு நொடி வேறுபாட்டுடன் முடித்தவர்.

இதற்கு மறுதலையான நிகழ்வு நம் நாட்டு வீரருக்கே நேர்ந்தது. 1960இல் உரோம் நகர ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் மில்கா சிங் தொடக்கத்தில் முன்னணியில் விரைந்தார். இந்த விரைவு தாங்காது என்னும் ஐயம் பாதி வழிக்குப் பின் அவர் உள்ளத்தில் எழுந்தது; சற்றே தளர்ந்து, உடன் ஓடுவோரை நோக்கினார். அந்தத் தளர்ச்சியை அவரால் ஈடுசெய்ய இயலவில்லை. மூன்றாமவர் 45.5 நொடி, மில்கா சிங் 45.6 நொடி. பதக்கம் பத்தில் ஒரு நொடியில் நழுவியது. அத்தவறு வாழ்நாள் முழுதும் தம்மை வருத்தியதை அவரே பலமுறை கூறியுள்ளார். கால்கள் தாங்கியிருக்கும், கணக்கின்மேல் நம்பிக்கைதான் நடுவழியில் ஆட்டங்கண்டது.

பாரிசிலிருந்து திரும்பிய சில நாள்களில் லிடெல் பட்டம் பெற்றார். விழாவில் அவர் தலையில் இலைமுடி சூட்டப்பட்டது. மாணவர்கள் அவரை நாற்காலியில் அமர்த்தித் தோளில் சுமந்து தெருவழியே சென்றனர். மறு ஆண்டு ஸ்காட்லாந்துப் போட்டியில் 100, 220, 440 கஜ ஓட்டங்கள் மூன்றையும் வென்றார். அத்துடன் விடைபெற்று, 23ஆம் அகவையில் தாம் பிறந்த தியான்ஜின் நகருக்கே ஆசிரியராகத் திரும்பினார். அங்குள்ள கல்லூரியில் அறிவியல் கற்பித்தார். மாணவர்களுக்கு ஓட்டமும் பழக்கினார். புகழின் உச்சியில் இருந்தவர் அதைவிட்டு விலகியதைப் பலர் வியந்தனர். அவருக்கு அது முன்பே முடிவு செய்த ஒன்று.

1934இல் ஃபுளோரன்ஸ் மெக்கென்சியை மணந்தார். மூன்று பெண்மக்கள் பிறந்தனர். பின்னாளில் போரால் சூழப்பட்ட சிற்றூர்ப் பகுதியில் பணியாற்றினார். 1941இல் ஆபத்து முற்றவே, கருவுற்றிருந்த மனைவியையும் இரு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாம் மகளை அவர் ஒருமுறையேனும் கண்டதில்லை.

1943இல் சப்பானியப் படையினர் வெளிநாட்டவரைச் சாண்டோங் மாநிலத்தின் வெய்சியன் முகாமில் அடைத்தனர். பெற்றோரைப் பிரிந்த பள்ளிச் சிறுவர் பலர் அங்கிருந்தனர். பாடநூல்களும் ஆய்வகமும் இல்லாத அவ்விடத்தில் லிடெல் அவர்களுக்கு வேதியியல் கற்பித்தார். ஆய்வுக் கருவிகளைப் படமாக வரைந்துகாட்டி விளக்கினார். கிழிந்த பந்துகளையும் உடைந்த மட்டைகளையும் செப்பனிட்டு விளையாட்டுகள் நடத்தினார். பாரிசில் ஞாயிறன்று ஓட மறுத்தவர், முகாமிலும் முதலில் ஞாயிறன்று விளையாட்டை நடத்த மறுத்தார். மேற்பார்வையின்றிச் சிறுவர்கள் சண்டையிட்டுக் கொண்டதைக் கண்டபின், ஞாயிற்றுக்கிழமையிலும் தாமே நடுவராக வந்து நின்றார். குளிர்காலத்தில் காலணியின்றித் தவித்த சிறுவன் ஒருவனுக்குத் தம் பழைய ஓட்டக் காலணியைத் தைத்துக் கொடுத்தார்.

அந்த முகாமிலும் ஓட்டப்பந்தயங்கள் நடந்தன. போதிய உணவின்றி உடல் மெலிந்த நிலையிலும் நாற்பதைக் கடந்த லிடெல் இளைஞர்களுடன் ஓடினார். தலைவலியும் சோர்வும் அவரை வாட்டின. மூளையில் வளர்ந்த கட்டியே அதற்குக் காரணம் என்பது அவர் மறைவுக்குப் பின்னரே தெரியவந்தது. 1945 பிப்ரவரி 21ஆம் நாள் லிடெல் காலமானார். ஆறு மாதத்துக்குள் முகாம் விடுவிக்கப்பட்டது. அவர் கல்லறையில் நட்ட மரச்சிலுவையில் காலணி மெருகு மையால் பெயர் எழுதப்பட்டிருந்தது. 1991இல் எடின்பரோ பல்கலைக்கழகம், ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து கொணர்ந்த கருங்கல்லை அவ்விடத்தில் நினைவுச்சின்னமாக நிறுவியது.